100 மீட்டர் நாடா, 160 புள்ளி: ரீஃப் செக் கணக்கெடுப்பில் டைவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

புதுத்துடுப்பு எழுதியது:

வணக்கம். மலேசியாவின் தியோமான் தீவில் ஈகோடைவர் பயிற்சிக்குப் பிறகு அணியோடு ரீஃப் செக் கணக்கெடுப்பில், அதாவது தன்னார்வ டைவர்கள் பவளப்பாறையின் நிலையை எண்ணிப் பதியும் முறையில், இறங்கப் போகிறேன். கையேடு படித்தாயிற்று. கரையில் படிக்கும்போது எல்லாம் நேர்க்கோடாகத்தான் இருக்கிறது. எனக்குள்ள சந்தேகங்கள்:

1. நீரோட்டத்தில் நாடா வில்லாக வளைந்தால் என்ன செய்வது?
2. வெளுத்துப்போன பவளத்தை உயிருள்ளது என்று எழுதுவதா, செத்தது என்றா?
3. மீனின் நீளத்தைக் கண்ணளவில் எப்படி நம்புவது?
4. 12 லிட்டர் டேங்கில் 45 நிமிடம்தான் ஓட்டுகிறேன். போதுமா?

---

அளவுநாடா எழுதியது:

நாடாவில் தொடங்குகிறேன். அது கோணினால் மற்ற மூன்றும் வீண்.

100 மீட்டர் ஃபைபர்கிளாஸ் நாடா, திறந்த சட்டத்தில் சுற்றும் வகை வாங்குங்கள். மூடிய டப்பா வகையில் மணல் புகுந்தால் 60ஆவது மீட்டரில் சிக்கி நிற்கும். இரும்பு நாடா ஒரு பருவம்கூடத் தாங்காது.

கோடு முழுக்க ஒரே ஆழத்தில் போக வேண்டும். மேல் கோடு 2 முதல் 6 மீட்டருக்குள், கீழ்க் கோடு 6க்கு மேல் 12 மீட்டருக்குள். 4 மீட்டரில் ஆரம்பித்தால் கடைசிவரை 4 மீட்டர். நாடா விரிப்பவரின் கண் கையிலுள்ள, ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். பக்கத்தில் பவளம் செழிப்பாகத் தெரிந்தால் கை தானாக அந்தப் பக்கம் திரும்பும். அப்படித் திரும்பிய ஒவ்வொரு கோடும் பாறை உள்ளதைவிட ஆரோக்கியமாக இருப்பதாகப் பொய் சொல்லும்.

எண்ணுவது நான்கு துண்டுகளில்: 0–20, 25–45, 50–70, 75–95. இடையில் 5 மீட்டர் விடுவது ஒரு துண்டு இன்னொன்றின் நகலாகிவிடாமல் இருக்க.

நீரோட்டத்துக்கு மருந்து கட்டும் இடங்களை நெருக்குவதுதான். தொடக்கத்தில் செத்த பாறையில் ஒரு முடிச்சு. பிறகு 5 மீட்டருக்கு ஒரு தடவை செத்த பாறை மூக்கில் ஒரு சுற்று, அல்லது பாறை இடுக்கில் ஒரு செருகல். கிளைப் பவளத்தில் சுற்றவே கூடாது. அலை இழுக்க இழுக்க நாடா ரம்பம் மாதிரி அறுக்கும். விரித்து முடித்தபின் ஒருவர் திரும்ப நீந்திப் பார்த்து, தொங்கும் இடங்களை அழுத்திவிட வேண்டும். அவ்வளவு செய்தும் நாடா அரை மீட்டருக்கு மேல் ஆடினால் அன்றைக்குக் கணக்கு வேண்டாம். சாயங்காலம் ஓட்டம் தணிந்ததும் வாருங்கள்.

---

திருமலைச் சுழியோடி எழுதியது:

அளவுநாடா சொன்னதோட ஒண்டைச் சேர்க்க வேணும். நாடா எவ்வளவு இறுக்கமா இருந்தாலும் பள்ளத்துக்கு மேலால போகேக்க தொங்கத்தான் செய்யும். அங்க கண்ணால நேர கீழ பார்த்து எழுதினா, தலை கொஞ்சம் சரிஞ்சாலும் புள்ளி மாறிப்போகும். அதோட மனிசக் கண் மணலை விட்டிட்டு முருகைக்கல்லை, அதான் பவளத்தைத்தான் தேடும்.

அதுக்குத்தான் குண்டுநூல். 2 மீட்டர் நைலோன் நூல், நுனியில 5 மி.மீ. நட்டு ஒண்டு. நாடாவில அரை மீட்டர் குறியில நூலைத் தொட வைச்சு நட்டை விடுங்கோ. அது எதில முட்டுதோ அதைத்தான் எழுத வேணும். "இந்த முருகைக்கு ஒரு விரல் தள்ளி விழுந்திட்டுது, பாவம்" எண்டு எடுத்துத் திரும்பப் போடக் கூடாது.

ஒரு துண்டில 40 புள்ளி: 0.0, 0.5, 1.0 எண்டு 19.5 வரை. 20.0 வேண்டாம். ஒருத்தர் 0.0இல தொடங்கி மற்றவர் 20.0இல முடிச்சா 41 வரும். பிறகு கரையில குந்தியிருந்து எதை வெட்டுறது எண்டு சண்டை. இரண்டாவது துண்டு 25.0 தொடக்கம் 44.5 வரை. நாலும் சேர்ந்து 160.

சிலேட்டில கோடு கீறிக் கீறிக் கூட்டாதேங்கோ. மீட்டர் இலக்கங்களை முதலே அச்சடிச்சு, ஒவ்வொண்டுக்கும் நேரே குறியீட்டை எழுதுங்கோ. 13.5இல சந்தேகம் வந்தா அந்த இடத்துக்கே திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

---

பார்ப்பக்கம் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல. உள்ளே குடியிருந்த பாசி வெளியேறிவிட்டது, தசை இன்னும் மேலே இருக்கிறது. ஆகவே எச்.சி., அதாவது வன்பவளம். வெளுப்பு எவ்வளவு என்பதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது: மொத்தப் பவளத்தில் எத்தனை சதவீதம் வெளுத்தது, வெளுத்த கூட்டம் ஒவ்வொன்றிலும் சராசரியாக எவ்வளவு பரப்பு வெளுத்தது. இந்த இரண்டு எண்ணையும் ஒன்றாகக் குழப்பிவிடுவது வழக்கமான பிழை.

ஒவ்வொரு புள்ளியிலும் அடியில் இருப்பதற்கு எழுதும் பத்துக் குறியீட்டில் தகராறு வருவது ஐந்தில்தான்:

ஆர்.கே.சி., சமீபத்தில் செத்த பவளம். வெள்ளையாகவோ மெல்லிய பாசி பிடித்தோ இருக்கும், ஆனால் பவளக் கிண்ணங்களின் வடிவம் இன்னும் தெளிவாகத் தெரியும். வடிவம் தேய்ந்து பாசியோ சுண்ணாம்புப் பாசியோ மூடியிருந்தால் அது ஆர்.சி., பாறை.

ஆர்.பி., உடைசல். அரை சென்டிமீட்டரிலிருந்து 15 சென்டிமீட்டர் வரை. அதைவிடப் பெரிது பாறை, சிறிது மணல். சிலேட்டின் ஓரத்தில் 15 செ.மீ. கோடு ஒன்று கீறிவைத்தால் வாதம் ஓயும்.

எஸ்.ஐ., சேறு. கையால் லேசாக விசிறுங்கள். உடனே கீழே விழுந்தால் மணல். புகை மாதிரி மிதந்து நின்றால் சேறு.

என்.ஐ.ஏ., ஊட்டச்சத்து மிகுந்ததைக் காட்டும் பாசி. பாறைமேல் புல்தரை மாதிரி ஒட்டியிருக்கும் குட்டைப் பாசியை இதில் சேர்த்துவிடுகிறார்கள். அதற்கு அடியில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். அது தெரியாத அணி ஆரோக்கியமான பாறையைச் சாக்கடைக் கழிவு பட்டதாகக் காட்டிவிடும்.

எச்.சி.யிலேயே ஒரு பொறி உண்டு: நெருப்புப் பவளம், நீலப் பவளம், குழாய்ப் பவளம் மூன்றும் வகைப்பாட்டில் வன்பவளம் இல்லை, ஆனால் இந்தக் கணக்கில் எச்.சி. தான், பாறையைக் கட்டுவதில் அவற்றுக்கும் பங்கிருப்பதால். கடல் சாமந்தி மென்பவளம் அல்ல, ஓ.டி., அதாவது மற்றவை.

---

புதுத்துடுப்பு எழுதியது:

நன்றி. வெள்ளையாக ஒன்று கண்ணில் பட்டால் அது வெளுப்பா, நோயா, ஏதாவது தின்றதா என்று தண்ணீருக்குள் எப்படிப் பிரிப்பது? புகைப்படங்களில் எல்லாம் ஒன்றாகவே தெரிகின்றன.

---

பார்ப்பக்கம் எழுதியது:

தொடாமலே பிரிக்கலாம், முகத்தை ஒரு முழத் தூரத்துக்குக் கொண்டுபோனால்.

வெளுப்பில் தசை கண்ணாடி மாதிரி இருக்கும். கிண்ணங்களுக்குள் பாலிப், அதாவது பவளத்தின் குட்டி உயிர், தெரியும், சில சமயம் கைகள் நீட்டியிருக்கும். வெளுத்ததற்கும் நிறமுள்ளதற்கும் எல்லை மங்கலாக இருக்கும். வெயில் படும் மேல்பக்கம் வெளுத்து, நிழல் பக்கம் பழுப்பாகவே நிற்பதும் உண்டு.

முள்முடி நட்சத்திரமீன் தின்ற இடம் சுத்தமான வெள்ளை எலும்பு, ஓரம் கூர்மை, தட்டு அளவில் ஒரு வட்டம். பகலில் அது பக்கத்திலேயே ஏதாவது தட்டுப் பவளத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும், குனிந்து பாருங்கள்.

டுரூபெல்லா நத்தை கிளைப் பவளத்தின் அடியிலிருந்து மேலே தின்றுகொண்டு வரும். அடிக் கிளைகள் வெள்ளை, நுனிகள் உயிரோடு. கிளைகளின் இடுக்கில் 2–4 செ.மீ. நத்தைகள் கொத்தாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கிளிமீன் கடித்தால் எலும்பே பெயர்ந்திருக்கும், உளியால் கொத்திய மாதிரி ஜோடிக் கீறல்.

நோயில் ஒரு வரிசை தெரியும்: உயிருள்ள தசை, பிறகு வெள்ளைப் பட்டை, அதற்குப் பின்னால் நாள்பட நாள்படப் பாசி ஏறிய எலும்பு. அந்த வரிசையைத்தான் தேட வேண்டும். பட்டை கறுப்பாக இருந்தால் அது வேறு நோய், அதையும் குறித்துவையுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. கிளைப் பவளத்தின் வளரும் நுனி இயல்பிலேயே வெள்ளைதான். புதிதாக வருபவர்களின் வெளுப்புச் சதவீதம் எகிறுவதற்கு இதுவே முதல் காரணம்.

---

கிளிமீன்கணக்கு எழுதியது:

மீன் பகுதி என்னுடையது.

நாடா விரித்தவுடன் எண்ணாதீர்கள். 15 நிமிடம் எல்லாரும் கோட்டை விட்டு விலகி நிற்க வேண்டும். விரிக்கும் சலசலப்பில் களவா, ஸ்வீட்லிப்ஸ் போன்ற மீன்கள் ஓடியிருக்கும். திரும்பிவர அவகாசம் தேவை. மீன் எண்ணுபவர்தான் முதலில் போவார். அவருக்குப் பின்னால் முதுகெலும்பில்லாத உயிர்கள், கடைசியில் தரைப் புள்ளிகள். வரிசையைப் புரட்டினால் மீன் எண்ணிக்கை தரையில் விழும்.

பாதையின் அகலம் 5 மீட்டர், அதாவது நாடாவுக்கு இரண்டு பக்கமும் 2.5, உயரமும் 5 மீட்டர். 2.5 மீட்டருக்கு பி.வி.சி. குழாய் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நடுநடுவே துளை போடாவிட்டால் காற்று அடைத்து மிதந்து கையை இழுக்கும். 5 மீட்டருக்கு ஒரு நிறுத்தம், ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம். ஒரு துண்டுக்கு 4, மொத்தம் 16 நிறுத்தம். நிற்பதற்கே 16 நிமிடம் ஆகிறது, ஆகவே முழுக் கோட்டையும் 15 நிமிடத்தில் முடித்தேன் என்று யாராவது சொன்னால் அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம்.

பின்னாலிருந்து உங்களைத் தாண்டி முன்னே வரும் மீனை இன்னொரு தடவை எண்ணக் கூடாது. துடுப்பு கிளப்பும் புழுதியில் தீனி தேடிச் சில மீன்கள் கூடவே வரும்.

இப்போது நீளம். தண்ணீருக்குள் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 23 செ.மீ. களவா கண்ணுக்கு 30 மாதிரி நிற்கும். ரீஃப் செக்கில் களவா 30 செ.மீ.க்கு மேல் இருந்தால்தான் கணக்கு, கிளிமீன் 20க்கு மேல். ஆக, திருத்தாத கண் குட்டி மீனையெல்லாம் உள்ளே சேர்த்துவிடும். ஒரு கயிற்றில் 15, 20, 30, 40, 60 செ.மீ. குழாய்த் துண்டுகளைக் கலந்து கட்டி மணல் தரையில் போடுங்கள். 3 மீட்டர் தள்ளி நின்று ஊகித்து எழுதிவிட்டுப் பிறகு அளந்து பாருங்கள். ஒரே டைவில் இருபது ஊகம் செய்தால் கண் படிந்துவிடும். பருவத் தொடக்கத்தில் பழைய ஆட்களும் இதைச் செய்யத்தான் வேண்டும். குளிர்காலத்தில் கண் பழையபடி போய்விடும். மலேசியாவில் ஏது குளிர்காலம் என்று கேட்காதீர்கள், நான் சொல்வது நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரை மூடியிருக்கும் மழைக்காலம்.

ஹம்ப்ஹெட் ராஸ், பம்ப்ஹெட் கிளிமீன், பர்ராமுண்டி காட் ஆகிய மீன்கள் ஒன்றுகூடக் காணவில்லை என்றால் சுழியம் என்று எழுதுங்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் "பார்க்கவில்லை" என்றா "இல்லை" என்றா என்பது பிறகு யாருக்கும் தெரியாது.

---

அளவுநாடா எழுதியது:

காற்றுக் கணக்கு சொல்லிவிடுகிறேன். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 10 மீட்டரில் 40 லிட்டர் இழுப்பார். 12 லிட்டர் டேங்கை 200லிருந்து 50 பார் வரை என்றால் 1800 லிட்டர். வகுத்தால் 45 நிமிடம், உங்கள் எண்ணே வருகிறது. கீழ்க் கோட்டில் 15 நிமிடக் காத்திருப்பையும் சேர்த்தால் மீன் வேலைக்குப் போதாது. அதனால் இரண்டு வழி. காத்திருப்பை மேலே படகில் கழிக்கலாம். அல்லது நீங்கள் தரைப் புள்ளிக்குப் போகலாம், அது கடைசியாகத்தான் தொடங்கும்.

காற்று அதிகம் போவதற்குப் பாதிக் காரணம் எடை. புதியவர்கள் 2 கிலோ கூடுதலாகக் கட்டுகிறார்கள். அதைச் சமன்செய்ய பிசிடியில், அதாவது மிதப்பைச் சரிசெய்யும் அங்கியில், காற்று ஏற்றுகிறார்கள். கால் கீழே தொங்குகிறது. துடுப்பு பவளத்தைத் தட்டுகிறது. டேங்கில் 50 பார் இருக்கும்போது, பிசிடி காலியாக, 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிற எடைதான் உங்கள் எடை. எழுதும்போது எல்லாரும் தன்னையறியாமல் மூச்சைப் பிடிப்பார்கள், மேலே எழும்புவார்கள், பிறகு விட்டுக் கீழே இறங்குவார்கள். சிலேட்டில் எழுதிக்கொண்டே ஒரே ஆழத்தில் நிற்பதை மணல் தரைமேல் தனியாகப் பழகாமல் பவளத்துக்கு மேலே போகாதீர்கள்.

சாதாரண மரப் பென்சில் இரண்டு, இரு முனையும் சீவி, ரப்பர் குழாயில் கட்டி. தண்ணீரில் ஊறி மரம் பிளக்கும், அதற்குத்தான் இரண்டாவது.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் விடுமுறைக்கு வந்த டைவர் எடுத்த எண்ணை யாராவது ஆய்வில் நம்புவார்களா?

---

பார்ப்பக்கம் எழுதியது:

எந்தக் கேள்விக்கு என்பதைப் பொறுத்தது. கிரெகர் ஹாட்ஜ்சன் 1996இல் இதைத் தொடங்கியபோதே, தன்னார்வலர் பிழையில்லாமல் அடையாளம் காணக்கூடியவற்றை மட்டும் பட்டியலில் வைத்தார். 1997இல் முதல் உலகக் கணக்கெடுப்பு நடந்தது. இனம் இனமாகப் பவளத்தைப் பிரிப்பது அதில் இல்லை. "கிளிமீன் 20 செ.மீ.க்கு மேல்" என்பது இருக்கிறது. பட்டியலிலுள்ள ஒவ்வொரு உயிருக்குப் பின்னாலும் ஒரு தொல்லை இருக்கிறது: ட்ரைட்டன் சங்கு போனால் அலங்காரப் பொருள் வியாபாரம், சிங்கி இறால் போனால் உணவு மீன்பிடி, வண்ணத்துப்பூச்சி மீன் போனால் மீன்தொட்டி வியாபாரம்.

எண்ணின் எல்லையையும் பார்த்துவிடலாம். ஒரு கோட்டில் நான்கு துண்டுகளில் எச்.சி. முறையே 18, 22, 15, 21 என்று வைத்துக்கொள்ளுங்கள். 40ஆல் வகுத்தால் 45, 55, 37.5, 52.5 சதவீதம். சராசரி 47.5, திட்டவிலக்கம், அதாவது துண்டுகள் சராசரியிலிருந்து விலகும் அளவு, கிட்டத்தட்ட 8. அடுத்த வருடம் 44 வந்தால் "பவளம் குறைந்துவிட்டது" என்று செய்தி கொடுக்கக் கூடாது. நாடா ஒரு மீட்டர் தள்ளி விழுந்ததாலேயே அந்த வித்தியாசம் வரலாம். 47 போய் 25 வந்தால் அது கடல் சொல்கிற சேதி. அப்படிப்பட்ட சேதிக்குத்தான் இந்த முறை. ஒரே இடத்தை ஒரே மாதத்தில் ஐந்தாறு வருடம் எடுத்த அணியின் தாளுக்கு மதிப்பு உண்டு. ஒரே வருடத்தில் பத்து இடம் போய் வந்த அணியின் தாளுக்கு அவ்வளவு இல்லை.

அதே இடம் என்பதற்கு ஒரு குறிப்பு. படகில் நின்று ஜி.பி.எஸ். எடுக்காதீர்கள், படகு நங்கூரத்தைச் சுற்றி அலையும். 0 மீட்டரிலிருந்து மிதவையைச் செங்குத்தாக விட்டு, மிதவைக்கு மேலே கருவியைப் பிடியுங்கள். கூடவே திசைகாட்டிப் பாகை, ஆழம், தொடக்கப் பாறையின் படம்.

---

துறைமுகத்துக்காரன் எழுதியது:

எண்ணிக்கொண்டே இருப்பதைவிட, முள்முடியைக் கண்ட இடத்திலேயே கொன்றுவிட்டால் பவளத்துக்கு நேரடி நன்மை இல்லையா? ஒரு அணி ஒரு நாளில் நூறு எடுத்துவிடும்.

---

கிளிமீன்கணக்கு எழுதியது:

துறைமுகத்துக்காரரே, பெருகியிருந்தால் எடுக்கலாம். அளவோடு இருந்தால் அதுவும் பாறையின் குடிமகன்தான். வேகமாக வளரும் பவளத்தைத் தின்று மெதுவாக வளர்வதற்கு இடம் விடுகிறது. பெருகியிருக்கிறதா என்பதை இந்தக் கோட்டை வைத்துச் சொல்ல முயலாதீர்கள். நான்கு துண்டும் சேர்ந்து 400 சதுர மீட்டர்தான். அதில் ஒன்றே ஒன்று கிடந்தால் ஹெக்டேருக்கு 25 என்று கணக்கு வரும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஹெக்டேருக்கு சுமார் 15க்கு மேல் போனால் பெருக்கம் என்கிறார்கள். ஒரு நட்சத்திரமீனைப் பார்த்துப் பெருக்கம் என்று அலறுவதா? இதற்கு நாடா இல்லாமல் அகலமாக நீந்தித் தேடும் தனி டைவ் வேண்டும்.

கொல்லும் முறை: அங்கே முன்பு சோடியம் பைசல்ஃபேட்டை ஒரு மீனின் பல இடங்களில் குத்தினார்கள். பிறகு மாட்டுப் பித்த உப்புக் கரைசல் வந்தது, ஒரே ஊசியில் 10 மில்லி, வேலை முடிந்தது. சமையல் வினிகரும் வேலை செய்கிறது என்று ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வில் தெரிந்த பிறகு, மருந்து கிடைக்காத தீவுகளில் அது வசதி. கத்தியால் வெட்டிப் போடுவது வேண்டாம். பவளத்தை நெம்பி உடைத்து எடுப்பதும் வேண்டாம், நட்சத்திரமீன் தின்பதைவிட அதிகம் உடையும்.

முள் குத்தினால் கையுறை காப்பாற்றாது. குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய வெந்நீரில், 40–45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும். சூட்டை முதலில் குத்தாத கையால் பாருங்கள். உடைந்த முள் மூட்டுக்குள் இருந்தால் மருத்துவரிடம்தான்.

---

திருமலைச் சுழியோடி எழுதியது:

அனுமதியை மறந்திட்டியள். இலங்கையில திருகோணமலைக்குக் கிட்ட இருக்கிற புறாத்தீவு 2003 தொடக்கம் தேசிய பூங்கா. அங்க நட்சத்திரமீனா இருந்தாலும் வனசீவராசிகள் திணைக்களத்திட்ட கேக்காம கை வைக்கேலாது. எண்ணுறதுக்கும் முதலே சொல்லிப்போட்டுத்தான் இறங்க வேணும். பருவம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை. பிறகு வாடைக் கடல் கலங்கிப்போகும், குண்டுநூல் எங்க விழுந்தது எண்டே தெரியாது.

---

பார்ப்பக்கம் எழுதியது:

மன்னார் வளைகுடாவில் இன்னும் இறுக்கம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986லிருந்து கடல்சார் தேசிய பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. வன்பவளமும் கடல் அட்டையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளத் துண்டை அடையாளம் காண்பதற்காகப் பையில் போட்டுக்கொண்டு கரையேறினாலும் குற்றம்தான். படம் எடுங்கள், போதும்.

---

புதுத்துடுப்பு எழுதியது:

கோட்டின்மேல் பழைய வலை கிடந்தால்? எடுத்துவிட்டு எண்ணுவதா, எண்ணிவிட்டு எடுப்பதா?

---

அளவுநாடா எழுதியது:

எண்ணிவிட்டுத்தான். வலையும் கணக்கில் உண்டு: குப்பை ஒன்று இருந்தால் 1, இரண்டு முதல் நான்கு வரை 2, அதற்கு மேல் 3. எடுத்துவிட்டு எழுதினால் 0 ஆகிவிடும்.

எடுப்பது வேறு நாள், வேறு டைவ், வேறு ஆட்கள். கணக்கெடுப்பு முடிந்த கையோடு மிச்சக் காற்றில் வலையில் கை வைப்பது ஆபத்து. வலை எடுக்கும் டைவில்:

ஆளுக்கு இரண்டு வெட்டுக்கருவி, இரண்டு வேறு இடங்களில், எந்தக் கையாலும் எட்டும்படி. மெல்லிய நைலான் நரம்புக்கு மருத்துவக் கத்தரிக்கோல் கத்தியைவிட நன்றாக வெட்டும். தொங்கும் குழாய், டார்ச், கொக்கி எல்லாவற்றையும் உடம்போடு ஒட்டிக் கட்டுங்கள். வலைக்கு மேலே நீந்தாதீர்கள். எப்போதும் அதன் ஓரத்தில், நீரோட்டம் உங்களை வலையிலிருந்து தள்ளுகிற பக்கத்தில்.

இழுக்கவே கூடாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். பவளம் வலைமேல் வளர்ந்து மூடியிருந்தால் அந்தத் துண்டை அங்கேயே விட்டுச் சுற்றிலும் நறுக்குங்கள். விரித்த போர்வை அளவுத் துண்டுகளாகச் சுருட்டிக் கட்டினால்தான் மேலே போகும். பிசிடியில் மாட்டி மேலே ஏறாதீர்கள். பாரம் கழன்று விழுந்தால் நீங்கள் ராக்கெட் மாதிரி மேலே போவீர்கள். தூக்குப் பை ஒன்றில் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விட்டு, அது நகரத் தொடங்கியதும் விலகி நில்லுங்கள். கீழே யாரும் இருக்கக் கூடாது. தூக்குப் பையில் பழகாதவர் அணியில் இருந்தால் படகிலிருந்து கயிறு இறக்கி இழுப்பதே மேல்.

---

திருமலைச் சுழியோடி எழுதியது:

கடல் அட்டையிலயும் ஒரு பிழை நடக்குது. கண்ட அட்டை எல்லாத்தையும் கூட்டுறாங்கள். பட்டியல்ல உள்ளது உண்ணுற வகை மூண்டு மட்டும்: தெலினோட்டா அனனாஸ், ஸ்டிகோபஸ் குளோரோனோட்டஸ், ஹோலோதூரியா எடுலிஸ். சாதாரணக் கறுத்த அட்டையைச் சேர்த்தா, ஆக்கள் பிடிச்சு முடிச்ச இடமும் செழிப்பாத் தெரியும்.

வரியுள்ள பவள இறாலுக்கு டார்ச் கட்டாயம். தலையைக் கீழ போட்டு, தொங்கு பாறைக்கு அடியில பாருங்கோ; மீசைகள்தான் முதல் தெரியும். இந்த வேலைக்குப் போறவர் நேர நீந்தக் கூடாது, 5 மீட்டர் அகலத்துக்குப் பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போக வேணும்.

---

புதுத்துடுப்பு எழுதியது:

கடைசி ஒன்று. வெளுப்புக்கு வண்ண அட்டை வைத்துச் செய்கிறார்களே, அதையும் அதே டைவில் செய்யலாமா? இந்த வருடம் சூடு வருமா என்பதை முன்கூட்டியே எங்கே பார்ப்பது?

---

கிளிமீன்கணக்கு எழுதியது:

நீங்கள் சொல்வது குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் அட்டை. நான்கு நிறவரிசை, ஒவ்வொன்றிலும் 1 முதல் 6 வரை அடர்த்தி. ஒரு கூட்டத்தில் மிக வெளிர்ந்த இடம் ஒன்று, மிக அடர்ந்த இடம் ஒன்று, இரண்டையும் எழுத வேண்டும். 20 பவளமாவது பாருங்கள், கண்ணில் பட்டதை வரிசையாக. வெளுத்ததாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கிளையின் நுனியை விட்டுவிடுங்கள். அட்டையும் பவளமும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும், ஒன்று நிழலில் ஒன்று வெயிலில் என்றால் எண் ஒன்றிரண்டு தள்ளும். அட்டை வெயிலில் வெளுக்கும், வெளுத்த அட்டையில் எல்லாப் பவளமும் திடகாத்திரமாகத் தெரியும். படகின் முகப்பில் போட்டு வைக்காதீர்கள். அதே டைவில் வேண்டாம், புள்ளி எண்ணிக் களைத்த கண் நிறம் பார்க்காது.

சூட்டுக்கு அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் கோரல் ரீஃப் வாட்ச் பக்கம் பாருங்கள். வழக்கமான உச்ச மாத வெப்பத்தைவிட ஒரு டிகிரியாவது கூடினால் அந்த மிகுதியை வாரம் வாரமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். கூட்டு 4ஐத் தொட்டால் குறிப்பிடத்தக்க வெளுப்பு எதிர்பார்க்கலாம், 8ஐத் தொட்டால் கடும் வெளுப்பும் சாவும். நான்காவது உலகளாவிய வெளுப்பு என்று 2024 ஏப்ரலில் அறிவித்தது இவர்கள்தான். உங்கள் பகுதி 4ஐ நெருங்கினால் ஆண்டுக் கணக்கெடுப்புக்குக் காத்திருக்காமல் ஒரு தடவை இறங்கிப் படம் எடுத்து வையுங்கள். வெளுத்த பவளம் பிழைத்ததா செத்ததா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும். தாமதமாகப் போனால் ஆர்.கே.சி. மேல் பாசி ஏறி ஆர்.சி. ஆகியிருக்கும், என்ன நடந்தது என்பதற்குத் தடயம் இருக்காது.

---

அளவுநாடா எழுதியது:

படகில் ஏறியதும் சிலேட்டைக் கழுவுவதற்கு முன் படம் எடுங்கள். அன்று சாயங்காலமே எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணினியில் ஏற்றுங்கள், ஒருவர் வாசிக்க இன்னொருவர் தட்ட. ஒவ்வொரு துண்டிலும் கூட்டினால் 40 வர வேண்டும். 39 வந்தால் விட்டுப்போன புள்ளி எது என்று எழுதியவருக்கு அன்று நினைவிருக்கும், மறுநாள் இருக்காது.

நாடாவை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்க விரித்துக் காய வையுங்கள். சுற்றிய படியே வைத்தால் அடுத்த தடவை 30ஆவது மீட்டரில் எண் அழிந்திருக்கும்.